ஹிகோனோகாமி - பூட்டு இல்லாத கத்தியின் கதை

எழுபது வயதைத் தாண்டிய ஜப்பானியத் தாத்தா யாராவது கிடைத்தால் 'ஹிகோனோகாமி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதுவரை குனிந்து குனிந்து மரியாதையாய்ப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பத்து வயசுப் பையனாகிவிடுவார். ஒசாகாவில் வேலை பார்த்த காலத்தில் மூன்று பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று பேருமே முதலில் செய்த காரியம், இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டியதுதான். விரலில் வெள்ளையாய் ஒரு பழைய தழும்பு. அதற்கப்புறம் கதை தானாக வரும். மூங்கில் தும்பி செய்தது, தண்ணீர்த் துப்பாக்கி செய்தது, அடுத்தவன் வீட்டுப் பேரிக்காயைத் திருடித் தோல் சீவித் தின்றது, இத்யாதி.

ஹிகோனோகாமி என்பது ஒரு மடக்குக் கத்தி. நம்ம ஊரில் பேனாக் கத்தி என்போமே, அந்த ஜாதி. ஆனால் அதைவிட எளிமையான மடக்குக் கத்தியை நான் பார்த்ததில்லை. ஒரு இரும்பு அல்லது பித்தளைத் தகட்டை நீளவாக்கில் மடித்தால் அதுதான் பிடி. உள்ளே ஒரு அலகு. இரண்டையும் சேர்த்து ஒரு ரிவெட். அலகின் பின்பக்கம் சின்னதாய் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 'சிகிரி' என்று பெயர். அவ்ளோதான். ஸ்பிரிங் கிடையாது, திருகாணி கிடையாது, பூட்டு கிடையாது. சிகிரியைக் கட்டைவிரலால் அழுத்தினால் கத்தி திறக்கும். திறந்த பிறகும் கட்டைவிரல் அந்த வாலின் மேலேயே இருக்கவேண்டும். ஏனென்றால் அலகு மடங்காமல் பிடித்துக்கொள்வது அந்த விரல் ஒன்றுதான்.

பெயரைப் பார்த்தால் பெரிய தோரணை. 'ஹிகோ' என்பது கியூஷூ தீவில் இருந்த பழைய மாகாணம், இன்றைய குமமோட்டோ. 'காமி' என்பது இங்கே சாமி இல்லை, அதிபதி. ஆக, 'ஹிகோவின் அதிபதி'. நாலணாக் கத்திக்கு இப்படி ஒரு பட்டம்! இதில் ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். எதோ ஆட்சிக்காலத்தில் இந்த மாதிரிப் பட்டங்களுக்கும் ஆளும் ஊருக்கும் சம்பந்தமே இருக்காது. குமமோட்டோவை ஆண்ட ஹொசோகாவா வம்சத்தார் பரம்பரையாக வைத்துக்கொண்டது 'எச்சூ அதிபதி' என்ற பட்டம். எச்சூ இருப்பது ஜப்பான் கடலோரத்தில், எங்கேயோ. 'ஹிகோ அதிபதி' என்ற பட்டத்தை வைத்திருந்தவர்களோ வடக்கே ஐசுவை ஆண்ட மட்சுதைரா குடும்பத்தார். புகழ்பெற்ற வாள் கொல்லர்களுக்கும் இப்படி 'இன்ன மாகாணத்து அதிபதி' என்று கௌரவப் பட்டம் கிடைப்பதுண்டு, அதை வாளின் காம்பில் பொறித்துக்கொள்வார்கள். பென்சில் சீவுகிற கத்தியின் பிடியில் 'ஹிகோனோகாமி' என்று குத்தியதில் அந்த ஜம்பத்தின் சாயல் இருப்பதாக எனக்குப் படுகிறது. கொஞ்சம் நக்கலும் இருக்கலாம் :-)

இந்தக் கத்தி பிறந்த இடமும் ஹிகோ கிடையாது. கோபே நகரத்துக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதைத் தாண்டி வடமேற்கே போனால் மிக்கி என்று ஒரு சின்ன ஊர். கோபேயிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறும் ஒரு குட்டி ரயில் போகும். ஒரு சனிக்கிழமை அதில் போய் இறங்கினேன். ஆற்றங்கரை, மேட்டில் பழைய கோட்டையின் மிச்சம், அமைதியான தெருக்கள். ரம்பம், உளி, இழைப்புளி, கரண்டி என்று தச்சர், கொத்தனார் சாமான்கள் செய்வதில் ஜப்பான் முழுக்கப் பேர் பெற்ற ஊர் இது.

அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1578-இல் ஹிதேயோஷி இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். சண்டை போட்டுப் பிடிப்பதற்குப் பதில், உள்ளே ஒரு பிடி அரிசி போகாமல் வழியெல்லாம் அடைத்துவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம். 'மிக்கியின் பட்டினிக் கொலை' என்றே சரித்திரத்தில் பேர். கடைசியில் 1580-இல் கோட்டைத் தலைவர் பெஸ்ஷோ நாகஹாரு, தன் ஆட்களை உயிரோடு விடவேண்டும் என்ற நிபந்தனையோடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். சாம்பலாகிக் கிடந்த ஊரைத் திரும்பக் கட்ட ஹிதேயோஷி வரிச்சலுகை கொடுத்தார். நாலாபக்கமிருந்தும் தச்சர்கள் வந்தார்கள், தச்சர்களுக்கு உளி அடித்துக்கொடுக்கக் கொல்லர்கள் வந்தார்கள் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் வரலாறு. வீடு கட்டும் வேலை முடிந்த பிறகும் கொல்லர்கள் போகவில்லை.

முந்நூறு வருஷம் கழித்து, 1890களின் நடுவில், மிக்கியின் இரும்புச் சாமான் வியாபாரி ஒருவர் கியூஷூ பக்கம் போய்த் திரும்பும்போது ஒரு சின்னக் கத்தியைக் கொண்டுவந்தார். உள்ளூர்க் கொல்லர்கள் அதைப் பார்த்து, மாற்றி, சிகிரி வைத்துச் செய்ததுதான் நம்ம ஆள். ஆரம்பத்தில் அதிகம் விலைபோனது தெற்கே, கியூஷூவில். அதனால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள். வாங்குகிறவன் ஊர்ப் பெயரையே சாமானுக்கு வைப்பது என்ன ஒரு வியாபார புத்தி! 1910-இல் பெயரை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சங்கத்து ஆட்கள் மட்டுமே அந்தப் பெயரைக் குத்தலாம் என்று ஏற்பாடு.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு சாமுராய்க் கதையைச் செருகுவார்கள். 1876-இல் மெய்ஜி அரசு வாள் தரிக்கத் தடை போட்டது, வாளை இழந்த சாமுராய் இடுப்பில் இந்தக் கத்தி வந்து உட்கார்ந்தது என்று. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தடைக்கும் கத்திக்கும் நடுவே இருபது வருஷ இடைவெளி இருக்கிறதே? வாள் தடையால் கொல்லர்களுக்கு வேலை போனதும், வயிற்றுப்பாட்டுக்குக் கத்தி, கத்தரிக்கோல் என்று திரும்பியதும் ஜப்பான் முழுக்க நடந்தது. ஆனால் மிக்கி கொல்லர்கள் பரம்பரையாக உளியும் ரம்பமும் அடித்தவர்கள். இந்தக் கத்தியை வாங்கியவனும் சாமுராய் இல்லை. விவசாயி, தச்சன், மீனவன், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பையன். என்னைக் கேட்டால் இதுதான் சாமுராய்க் கதையைவிடச் சுவாரசியம்.

பள்ளிக்கூடத்துப் பையன் என்றேன் இல்லையா, கத்தியின் பொற்காலமே அவனால்தான். பென்சில் பரவியது, பென்சிலைச் சீவ ஏதாவது வேண்டும். நாமெல்லாம் அப்பா ஷேவ் பண்ணித் தூக்கிப்போட்ட பிளேடைப் பாதியாய் உடைத்து வைத்துக்கொண்ட மாதிரி, அங்கே பென்சில் டப்பாவில் ஒரு ஹிகோனோகாமி. போருக்கு அப்புறம், 1950களில், அது இல்லாத பையனே இல்லை என்கிறார்கள் தாத்தாக்கள். பென்சில் சீவுவது சாக்குதான். பள்ளி விட்டதும் மூங்கில் தோப்பு. பொம்மை வாங்கக் காசில்லாத காலத்தில் பொம்மை செய்யும் மெஷினே சட்டைப்பையில் இருந்தது. மிக்கியில் டஜன் கணக்கில் பட்டறைகள் ராத்திரி பகலாய் இதை அடித்துத் தள்ளின.

பிறகு வந்தது 1960 அக்டோபர் 12.

டோக்கியோவில் ஹிபியா பொது அரங்கம். தேர்தல் நெருங்கும் நேரம். சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனேஜிரோ மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். பதினேழு வயதுப் பையன், யாமகுச்சி ஒதோயா, தீவிர வலதுசாரி, மேடைக்கு ஓடிவந்து அவரைக் குத்திவிட்டான். அசானுமா செத்துப்போனார். டிவி கேமரா முன்னால் நடந்ததால் நாடே பார்த்தது. இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கிய அந்தக் கணத்தை மைனிச்சி பத்திரிகையின் புகைப்படக்காரர் நாகாவோ யாசுஷி எடுத்த படம் 1961-இல் புலிட்சர் பரிசு வாங்கியது. பையன் நவம்பர் 2 அன்று காவலில் தூக்குப் போட்டுக்கொண்டான்.

அவன் கையில் இருந்தது ஹிகோனோகாமி இல்லை. ஓரடிக்கும் மேலே நீளமான பழைய குறுவாள். ஆனால் குத்தியவன் வயசு பதினேழு. நாட்டில் இருந்த ஒவ்வொரு அம்மாவுக்கும் தன் பையன் சட்டைப்பை ஞாபகம் வந்தது. 'பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்காதே' என்று ஒரு இயக்கம் கிளம்பி ஊர் ஊராய்ப் பரவியது. பெற்றோர் சங்கங்கள் சேர்ந்துகொண்டன. பள்ளிக்கூடங்கள் கத்தியைத் தடை செய்தன. குற்றம் செய்தது ஒன்றரைச் சாண் குறுவாள், மாட்டிக்கொண்டது பென்சில் சீவும் கத்தி. மிக்கியின் பட்டறைகளுக்கு ஆர்டர் நின்றுபோனது. ஒவ்வொன்றாய் மூடினார்கள்.

அந்த அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டிவியில் அதைப் பார்த்துவிட்டு எந்த அம்மா சும்மா இருப்பாள்? தவிர, பழி முழுக்க அந்த இயக்கத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. பென்சிலைச் சொருகிக் கைப்பிடியைச் சுற்றினால் சீவித்தரும் மெஷின் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்தது. 1956-இலேயே ஒசாகாவில் ஒகாதா யோஷியோ என்பவர் இன்னொரு வேலை செய்திருந்தார். செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் தோலைச் சுரண்டுவதையும், அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த சாக்லேட் கட்டி கட்டியாய் உடைவதையும் முடிச்சுப் போட்டு, முனை மழுங்கினால் உடைத்துப் போடுகிற கட்டரைக் கண்டுபிடித்தார். 'ஒல்ஃபா' என்ற பெயருக்கே 'உடைக்கிற அலகு' என்றுதான் அர்த்தம். இன்று நம்ம தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குத் தொங்குகிறதே, அந்தக் கட்டரின் தாத்தா. சாணை பிடிக்கவே தேவையில்லாத கத்தி வந்த பிறகு சாணை பிடிக்கவேண்டிய கத்தியை யார் சீண்டுவார்கள்?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்குங்க. கட்டர் வந்ததால் ஹிகோனோகாமி போயிருந்தால் அது ஒரு சாமான் போய் இன்னொரு சாமான் வந்த கதை. தடையால் போனது கத்தி மட்டுமில்லை, கையும் போனது. மூங்கிலின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் அழுத்தினால் சறுக்கும், வெட்டும்போது இன்னொரு கையை எங்கே வைப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் படிக்கிற விஷயம் இல்லை. அந்தத் தழும்பு இல்லாமல் வருவதும் இல்லை. இதை உணர்ந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். நாகானோ மாநிலத்தில் இகேதா என்ற ஊரின் தொடக்கப்பள்ளி ஒன்றில், 1980களில் ஆரம்பித்து, ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஹிகோனோகாமி கொடுத்துப் பென்சிலைத் தானே சீவ வைத்தார்கள். 1998-இல் தோச்சிகி மாநிலத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி மாணவன் பட்டர்ஃபிளை கத்தியால் ஆசிரியையைக் கொன்றபோது நாடு முழுக்க மறுபடி கத்திப் பயம் கிளம்பியது. இந்தப் பள்ளி அந்த வழக்கத்தை அப்போதும் விடவில்லை. ஆறு வயசுக் குழந்தை கையில் கத்தியைக் கொடுக்க அந்த வாத்தியார்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்!

சரி, இப்போது நிலைமை என்ன? மிக்கியில் இந்தப் பெயரைக் குத்தும் உரிமையோடு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பட்டறை, நாகாவோ கானேகோமா. (புகைப்படக்காரர் நாகாவோவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, எழுத்தே வேறு. ஆனாலும் அந்தப் பெயரை இரண்டு இடத்திலும் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.) சங்கத்து ஆட்கள் மட்டும் என்று 1910-இல் போட்ட வேலி, இன்று ஒரே வீட்டைச் சுற்றி நிற்கிறது. அந்த வீட்டில் உலை அணைந்தால் பெயரும் அணைந்துவிடும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது அதனால்தான் பிடியில் இருக்கும் எழுத்தை. 'பதிவு பெற்ற வணிகச் சின்னம்' என்று நான்கு சீன எழுத்து, அப்புறம் 'ஹிகோனோகாமி' என்று மூன்று எழுத்து, பிறகு பட்டறையின் முத்திரை. வெறும் 'ஹிகோ கத்தி' என்றோ வேறு ஏதோ காமி என்றோ இருந்தால் அது ஒன்றுவிட்ட சித்தப்பா பையன். மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் இது அது இல்லை.

அடுத்தது எஃகு. சாதாக் கார்பன் எஃகிலும் வருகிறது, 'ஆவோகாமி' எஃகை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பைப் போர்த்தியும் வருகிறது. 'ஆவோகாமி' என்றால் நீலத்தாள். எஃகு நீலமாக இருக்காது, யாசுகி ஆலையில் அதற்கு ஒட்டிய தாளின் நிறம் நீலம், அவ்வளவே. காடு மேடு சுற்ற எடுப்பதானால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். கூர் ரொம்ப நாள் நிற்கும். வெளியே இருப்பது மெத்தென்ற இரும்பு என்பதால் கல்லில் தேய்ப்பதும் சுலபம். பிடி, பித்தளையா இரும்பா என்பது உங்கள் ரசனை. என்னுடையது பித்தளை. புதிதில் தங்கமாய் மின்னி, ஒரே மழைக்காலத்தில் பாட்டி வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிட்டது. குளிர் மலையில் இரண்டுமே கையில் ஐஸ்கட்டிதான், கையுறை இல்லாமல் ரொம்ப நேரம் பிடிக்கமுடியாது.

ஜப்பானில் வைத்துக்கொண்டு சுற்றப்போகிறீர்கள் என்றால் ஸ்கேலும் தேவை. தகுந்த காரணம் இல்லாமல் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள கத்தியைக் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். மடக்குக் கத்திக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: நீளம் எட்டு சென்டிமீட்டர், அகலம் ஒன்றரை சென்டிமீட்டர், தடிமன் இரண்டரை மில்லிமீட்டர், இதற்குள் இருக்கவேண்டும். அலகை நிலையாக நிறுத்தும் பூட்டும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிரான்சின் ஒபினெல் கத்தி தெரியுமில்லையா, 1890-இல் ஜோசப் ஒபினெல் செய்த விவசாயி கத்தி? விரல் வெட்டுப்படாமலிருக்க 1955-இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு வைத்தார்கள். அந்தப் பாதுகாப்பு வளையம் இருப்பதாலேயே ஜப்பானில் அதற்கு இந்த விலக்கு கிடையாது. விரலை மடக்கி வெட்டக்கூடிய நம்ம ஹிகோனோகாமிக்குக் கிடைக்கும். சட்டத்தின் கண்ணில் பூட்டு என்றால் குத்துவதற்கான ஏற்பாடு. பெரிய சைஸ் ஹிகோனோகாமிகள் இந்த அளவைத் தாண்டிவிடும், அளந்து வாங்குங்கள். அளவுக்குள் இருந்தாலும் காரணமில்லாமல் ஒளித்து வைத்திருப்பதற்குச் சில்லறைக் குற்றச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே முகாமுக்குப் போகும் வழியில் மூட்டையின் அடியில் இருக்கட்டும், நகர வீதியில் சட்டைப்பையில் வேண்டாம்.

பயன்படுத்துவதில் ஒரே ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பாதி வித்தை வந்துவிட்டது. கூர்ப்பக்கம் அழுத்தம் விழும்வரை கத்தி திறந்தேதான் இருக்கும், பொருளே அதைத் திறந்து பிடிக்கிறது. முனையால் குத்தினாலோ, முதுகுப்பக்கம் தட்டினாலோ, அலகு மடங்கி நேராக விரலுக்கு வரும். ஆகவே சீவலாம், செதுக்கலாம், அறுக்கலாம். குத்தாதே, நெம்பாதே. விறகைப் பிளக்கக் கத்தி முதுகில் கட்டையால் அடிக்கும் வேலையெல்லாம் இதில் கூடவே கூடாது. மூங்கில் குச்சி சீவும்போது கத்தியை இழுக்காமல், வலது கையை அசையாமல் வைத்து, இடது கைக் கட்டைவிரலால் அலகின் முதுகைத் தள்ளிப் பாருங்கள். பென்சில் சீவும் அதே அசைவுதான். சீவல் சுருள் சுருளாய் வரும். முகாமில் கனல் மூட்ட அந்தச் சுருளைவிட நல்லது எதுவும் கிடையாது.

எலுமிச்சை, மாங்காய் வெட்டினால் அலகு உடனே கறுக்கும். பழத்திலும் இரும்பு வாடை ஏறும். கறுப்பு நல்லதுதான், விட்டுவிடுங்கள், சிவப்புத் துருதான் எதிரி. வேலை முடிந்ததும் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே வைத்துக் காயவிட்டு மடக்கவேண்டும், ஏனென்றால் மடித்த தகட்டுக்குள் ஈரம் போனால் வெளியே வர வழியில்லை. அங்கே கமேலியா விதை எண்ணெய் ஒரு சொட்டு விடுவார்கள். சென்னையின் உப்புக் காற்றுக்கு நான் தையல் மிஷின் எண்ணெய் போட்டு, சாப்பாட்டுச் சாமான் வெட்டுமுன் சோப்பு போட்டுக் கழுவிவிடுகிறேன். சாணைக்கு ஆயிரம் நம்பர் தண்ணீர்க்கல் ஒன்று போதும். அலகின் சரிவு கல்லில் படிகிற கோணத்திலேயே வைத்துத் தேய்த்தால் ஆயிற்று. சுழலும் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும்.

ஒரு வருஷம் புழங்கினால் ரிவெட் தளர்ந்து அலகு லொடலொடவென்று ஆடும். பதறவேண்டாம், அது எல்லா ஹிகோனோகாமிக்கும் வருவது. ரிவெட்டின் ஒரு தலையை இரும்புக் கட்டி மேல் வைத்து, மறு தலையில் சின்னச் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு. திறந்து பாருங்கள். இறுக்கம் போதவில்லை என்றால் இன்னும் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம், அப்புறம் கத்தியைத் திறக்கக் கட்டைவிரல் பிய்ந்துவிடும்.